கொடுங்கோல் அரசும் இட்லிப் பானை மூடியும்

கேள்வி: 4 பிப்ரவரி 2024

2071-ல் நடக்கிற கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தெருவுக்குத் தெரு கேமரா, முகத்தைப் பார்த்தே ஆளைத் தூக்கும் ட்ரோன், ஜனங்களின் காசு முழுக்க அரசாங்க ஆப்பில். கடைசி அத்தியாயத்தில் நாயகன் தலைமைச் சர்வரை வெடிக்க வைக்கிறான், ஆட்சி கவிழ்கிறது. படித்த நண்பன், "இது அந்தக் காலத்து ராஜா ராணிப் படம்டா, வில்லன் கையில டேப்லெட் குடுத்திருக்க, அவ்ளோதான்" என்கிறான். சரி, இத்தனை வசதி உள்ள அரசை சாதாரண ஜனம் என்னதான் செய்துவிட முடியும்? ஒன்றும் முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

5 பிப்ரவரி, காலை

நண்பர் சொன்னது சரி. சர்வரை வெடிக்க வைத்தால் மறுநாளே பேக்கப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். வங்கியில் 36 வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், சிஸ்டம் படுத்துக்கொண்டதால் ஒரு மேனேஜருக்குக்கூட வேலை போனதில்லை.

2071 வரைக்கும் எதற்குப் போகிறீர்கள்? எங்கள் ஆயா அந்தக் காலத்தை 1964-லேயே பார்த்துவிட்டாள், ரங்கூனில். 1962 மார்ச் 2-ல் பர்மா ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். ரெண்டே வருஷத்தில் ஆயாவின் மளிகைக் கடை வாசலில் 'மக்கள் கடை' என்று நம்பர் போட்ட பலகை தொங்கியது. அந்த மே மாதமே 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல். எனக்கு நாலு வயசு. கப்பலில் வந்ததில் நினைவிருப்பது வாந்தி மட்டும்தான்.

5 பிப்ரவரி, மதியம்

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே எழுந்து போயிருக்கிறேன். ஜனம் என்ன செய்யும்?

சித்தி ஒருத்தி கப்பல் ஏறாமல் அங்கேயே தங்கிவிட்டாள். 2021 பிப்ரவரி 1 விடியற்காலை ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு அவளோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே டமடமவென்று சத்தம். வீடு இடிகிறதோ என்று பயந்துபோனேன். தெரு முழுக்க ஜன்னலிலும் பால்கனியிலும் நின்று பாத்திரத்தைத் தட்டுகிறார்கள். வீட்டைப் பிடித்த கெட்ட ஆவியை விரட்ட பர்மாக்காரர்கள் அப்படித்தான் தட்டுவார்கள். 77 வயசில் சித்தியும் இட்லிப் பானை மூடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். போனை அணைக்கவில்லை. கால் மணி நேரம் எனக்கு அந்தச் சத்தம்தான்.

உங்கள் ட்ரோன் எத்தனை முகத்தைப் படிக்கும்? இருட்டு, ஜன்னலுக்கு ஜன்னல் சத்தம். வீடு வீடாக ஏறித்தான் பிடிக்கணும்.

5 பிப்ரவரி, இரவு

'வீடு வீடாக ஏறித்தான் பிடிக்கணும்' என்று மதியம் கெத்தாக எழுதிவிட்டேன். ஏறினார்கள். ராத்திரியில் யாராவது விருந்தாளி தங்கினால் வார்டு அதிகாரியிடம் பெயர் கொடுக்கணும் என்று அங்கே ஒரு பழைய சட்டம் உண்டு. நடுராத்திரி கதவைத் தட்டி ஆள் எண்ணுவார்கள். இடையில் சில வருஷம் அது இல்லாமல் இருந்தது. 2021 பிப்ரவரி 13-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். சித்தி வீட்டுக்குப் பேரன் வந்தால் படுத்துத் தூங்க அனுமதி வாங்கணும். உங்கள் கதையில் இத்தனை கேமரா வைத்திருக்கிறீர்களே, இந்த ஒரு சட்டத்துக்கு ஈடாகுமா? இதற்கு மின்சாரம்கூட வேண்டாம்.

7 பிப்ரவரி

மூன்று விரல் வணக்கம் பர்மாவில் ஆரம்பித்ததா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, தாய்லாந்து. 2014 மே 22-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக்கூடாது என்று உத்தரவு. 'தி ஹங்கர் கேம்ஸ்' கதையில் வருகிற அந்த மூன்று விரலைப் பிள்ளைகள் தெருவில் தூக்கிக் காட்ட ஆரம்பித்தார்கள். நவம்பரில் கோன் கேன் நகரத்தில் ஐந்து மாணவர்கள் பிரதமர் நாற்காலியில் இருந்த ஜெனரல் முன்னாலேயே காட்டினார்கள். பிடித்துக்கொண்டு போனார்கள். அதே வாரம் அந்த வரிசையில் புதுப்படம் வந்தது, பாங்காக்கில் ஒரு தியேட்டர் நிறுவனம் போடாமலே விட்டுவிட்டது.

கதையில் அந்த விரலுக்கு நன்றி, மரியாதை, பிரியமானவருக்கு விடை என்று அர்த்தம். ஆரம்பத்தில் புரட்சி என்று அதில் ஒன்றும் இல்லை. எதிர்காலத்தில் நடப்பதாக எழுதின கதையிலிருந்து விரலைக் கடன் வாங்கி நிகழ்காலத்தில் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். ஜாக்கிரதையாக எழுதுங்கள் தம்பி, உங்கள் கதையிலிருந்தும் எவனாவது எடுத்துவிடுவான்.

சாண்ட்விச் சாப்பிட்டதற்கும் பிடித்தார்கள். கூட்டம் கூடக்கூடாது என்றதும், பிக்னிக் என்று சொல்லி உட்கார்ந்து சாண்ட்விச் தின்றது அங்கே போராட்டமாகிவிட்டது. சாண்ட்விச்சைத் தடை பண்ணுகிற அரசாங்கத்தை நாம் கற்பனை பண்ணி எழுதினால் 'ஓவர்' என்பீர்கள்.

8 பிப்ரவரி

'எமர்ஜென்சியைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை?' 1975-ல் எனக்குப் பதினைந்து வயசு, பத்தாம் வகுப்புக் கணக்கில் ஃபெயில். என் கொடுங்கோலன் கணக்கு வாத்தியார்தான். பார்த்ததைச் சொல்வோம்.

9 பிப்ரவரி

துணிக்கொடி விஷயம். 2021 மார்ச்சில் ரங்கூன் தெருக்களில் குறுக்கே கயிறு கட்டிப் பெண்கள் தமெய்னைத் தொங்கவிட்டார்கள். தமெய்ன் என்றால் பெண்கள் கட்டும் லுங்கி. அதற்குக் கீழே நடந்தால் ஆண்பிள்ளையின் மகிமை போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் லாரியை நிறுத்தி, ஏறி, ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்த நேரத்துக்குள் தெருவுக்குள் போராடுகிற பிள்ளைகள் ஓடிவிடலாம்.

மூடநம்பிக்கைக்கும் ஒரு பயன் இருக்கிறது பாருங்கள்.

9 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

மேலே உள்ள கடைசி வரியைப் படித்துவிட்டு வீட்டிலேயே திட்டு. மனைவியும் பர்மா குடும்பம்தான். "நம்பினது கட்டினவளுங்க இல்ல, அந்தச் சிப்பாய்ங்க. உன் அழுக்குல நீயே விழுன்னு கட்டினாளுங்க" என்கிறாள். அழிக்காமல் விட்டுவைக்கிறேன், என் அசட்டுத்தனம் தெரியட்டும்.

ராணுவத் தளபதியின் படத்தைத் தார் ரோட்டில் வரிசையாக ஒட்டினதும் இதே கணக்குதான். சிப்பாய் எப்படி மிதிப்பான்?

12 பிப்ரவரி

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தேன். நேற்று சித்தி மகன் கூப்பிட்டான். கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை 10-ந்தேதி அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 2010-லிருந்து தூங்கிக்கொண்டிருந்த சட்டம். ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27. அவன் பையனுக்கு இருபத்தி மூணு.

"அண்ணே, அங்க ஒரு வேலை..." என்று ஆரம்பித்தவன் பேச்சை மாற்றிவிட்டான். போனில் யாராவது கேட்பார்கள் என்று பயம். நானும் மழை பெய்ததா என்று கேட்டேன். பிப்ரவரியில் ரங்கூனில் எங்கே மழை.

13 பிப்ரவரி

'பாத்திரம் தட்டினார்கள், லுங்கி கட்டினார்கள், மூன்று வருஷமாகியும் ராணுவம் அப்படியே உட்கார்ந்திருக்கிறதே, நான் சொன்னதுதானே சரி?' என்று தம்பி மடக்கியிருக்கிறார். நியாயமான கேள்வி. தட்டினதால் ஆட்சி போகவில்லை. 2021 பிப்ரவரி முடிவதற்குள்ளேயே தெருவில் சுட ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகளில் பலர் காட்டுக்குப் போய் ஆயுதம் எடுத்தார்கள், அது இன்றுவரை போராகவே நடக்கிறது. அதில் நம் ஆட்களும் சிக்கினார்கள். 2022 ஜூலையில் மணிப்பூர் எல்லை மோரேயிலிருந்து அந்தப்பக்கம் தமுவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களும் எங்களை மாதிரி பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். திரும்பப் போய்விடலாம் என்று எல்லை வரை நடந்தவர்கள் மோரேயிலேயே தங்கினதால் உருவான ஊர்ப்பகுதி அது.

ஆனால் பாத்திரம் வேறு வேலை ஒன்று செய்தது. சித்தி சொன்னது: "எதிர் வீட்டுக்காரன் என்ன ஆளுன்னு இருபது வருஷமாத் தெரியாது. அன்னிக்கு ராத்திரி தெரிஞ்சிது." அப்புறம் நடந்ததெல்லாம் அதற்கு மேல் கட்டினது. பிப்ரவரி 3-ந்தேதி டாக்டர்கள் அரசு ஆஸ்பத்திரி வேலையை விட்டு வெளியே வந்தார்கள். பின்னாலேயே வாத்தியார்கள், ரயில்வே, வங்கி. ரயில் நின்றது. அரசு வேலையில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ராணுவம் சஸ்பெண்ட் பண்ணியது.

13 பிப்ரவரி, இரவு

வங்கி என்று எழுதினதும் கை நின்றுவிட்டது. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

அந்த மாதங்களில் அங்கே தனியார் வங்கிகள் அநேகமாக மூடிக்கிடந்தன. கேஷியர் வரவில்லை. ஏடிஎம் வாசலில் இருட்டிலேயே வரிசை. சொந்தக் காசை நோட்டாகக் கையில் வாங்கத் தரகருக்குக் கமிஷன் கொடுக்கணும். அரசாங்கத்துக்கும் தலைவலி, ஜனத்துக்கும் தலைவலி. சித்தியின் பென்ஷன் நின்றது. அவள் அந்தக் கேஷியர்களைத் திட்டவில்லை. நான் திட்டினேன், போனில். "பொதுஜனத்துக்குத்தான கஷ்டம், இவனுங்க எதுக்கு லீவு போட்டுட்டு உட்காந்திருக்கானுங்க" என்று. அவள், "நீ கவுண்டர்ல உட்காந்தவன், அப்படித்தான் பேசுவ" என்றாள்.

என் கவுண்டர் கதை இது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அதையும் 1964-ஐயும் ஒன்றாக்கவில்லை. இங்கே ஓட்டுப் போட்டு வந்த அரசு, மாற்றிக்கொள்ள அவகாசமும் இருந்தது. நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி. ஒரு வாரம் கழித்து, மாற்ற வந்தவர்கள் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். தேர்தலில் வைப்பார்களே, அதே மை. என் சட்டைக் கையிலும் ஒட்டி, அது போகவே இல்லை, சட்டையைத்தான் தூக்கிப் போட்டேன். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி வரை மை வைத்தேன். எதற்கு என்று ஒருவரையும் கேட்கவில்லை.

டிசம்பர் 30-ஓடு கவுண்டரில் வாங்குவது முடிந்தது. ஜனவரியில் ஒரு கிழவி வந்தாள். மருந்துச் சீட்டில் மடித்த ஏழு ஐநூறு ரூபாய் நோட்டு. மருமகளுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாளாம், மறந்துவிட்டாளாம். தேதி முடிந்துபோச்சும்மா என்றேன். ஒன்றும் பேசாமல் நோட்டுகளை ஒவ்வொன்றாக அதே மருந்துச் சீட்டில் மடித்தாள், அதே மடிப்பில். பின்னால் வரிசை இருந்தது, "அடுத்து" என்று கூப்பிட்டேன். எங்கள் ஆயாவின் டிரங்குப் பெட்டியில் செல்லாத 100 கியாட் நோட்டு நாலு கிடந்தது, சின்ன வயசில் அதை வைத்து நான் கடை விளையாட்டு விளையாடியிருக்கிறேன். அன்றைக்கு அந்த நோட்டுகள் எனக்கு ஞாபகமே வரவில்லை. சாயந்தரம் பஸ்ஸில் போகும்போதுதான் வந்தது.

14 பிப்ரவரி

விதியை மீறி வாங்கியிருக்கணும் என்று சொல்லவில்லை. வாங்கியிருந்தால் அன்று ராத்திரி என் கணக்கு ஒட்டியிருக்காது, அவ்வளவுதான் பலன். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் ஆறுதல் கேட்டு எழுதவில்லை. தம்பியின் கதைக்காக எழுதினேன். அவர் 2071-ல் ஆப்பிலிருந்து ஆட்களின் பணத்தை முடக்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். யார் முடக்குகிறார்கள்? எங்கேயோ ஒருவன் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்து 'ஓகே' அமுக்குகிறான். அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை நீங்கள்.

15 பிப்ரவரி

அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டவருக்கு: பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் பக்கம், சாயந்தரம் ஆறு மணிக்கு மேல். வாழைத்தண்டு சூப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மொறுமொறு பேஜோவை முதலிலேயே கலக்க விடாதீர்கள், நமுத்துப்போகும். பஜார், கப்பலில் வந்தவர்கள் 1969-ல் போட்ட கடைகள். கூட்டத்தில் பர்ஸ் பத்திரம்.

21 பிப்ரவரி

மண்டலே பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் நெரிசல், ரெண்டு பேர் செத்திருக்கிறார்கள். ராணுவத்தில் சேர்க்கிறதுக்கு முன்னால் ஊரைவிட்டு ஓட வரிசை. தாய்லாந்துத் தூதரகத்திலும் அப்படித்தானாம். சித்தி மகன் போன் எடுக்கவில்லை.

22 பிப்ரவரி

எடுத்தான். நன்றாக இருக்கிறார்கள். பையனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

2 மார்ச்

நே வின் ஆட்சியைப் பிடித்து இன்றோடு 62 வருஷம். நம்பர் பைத்தியம் பிடித்த ஆள். அவர் காலத்தில் 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஒரே அறிவிப்பில் செல்லாது என்றார்கள். பதிலுக்கு வந்தது 45, 90. ஏன்? ஒன்பதால் வகுபடும், ராசி. நான் அந்தச் சமயம் வங்கியில் சேர்ந்து மூன்று வருஷம். 90 ரூபாய் நோட்டைக் கட்டுப் போட்டு எண்ணுவதை நினைத்தாலே கேஷியருக்கு ஜுரம் வரும்.

1964-லும் செல்லாது என்றார்கள், ஆயா அழுதுகொண்டே கப்பல் ஏறினாள். 87-ல் சொன்னபோது மாணவர்கள் அன்றைக்கே தெருவுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் 8-8-88, நாடு முழுக்க எழுந்தது. அதற்கு முன்பே ஜூலையில் நே வின் கட்சித் தலைமையை விட்டு இறங்கியிருந்தார். செப்டம்பரில் வேறு தளபதிகள் வந்து சுட்டு அடக்கினார்கள். நம்பர் ராசி ஜனத்துக்கும் கைகொடுக்கவில்லை.

3 மார்ச்

'வேலைக்குப் போகாமல் இருப்பதும் வீட்டில் உட்காருவதும் போராட்டமா, சோம்பேறித்தனமா?' என்று கிண்டல். வீட்டில் உட்கார்ந்தே ஒரு நாள் நடத்தினார்கள். 2021 மார்ச் 24. முந்தின நாள் மண்டலேயில் ஒரு ஏழு வயசுப் பெண்குழந்தையை வீட்டுக்குள்ளேயே சுட்டுவிட்டார்கள். மறுநாள் ஒருத்தரும் வெளியே வரவில்லை. ரங்கூன் ரோட்டில் நாய் மட்டும். அப்புறம் அதே மாதிரி 2022 பிப்ரவரி 1-ல் அறிவித்ததும், கடையை மூடினால் கடையையே பறிமுதல் செய்வோம் என்று மிரட்டினார்கள். திறந்து வைக்கச் சொல்லலாம். வாங்க வா என்று ஜனத்தை எந்தச் செக்‌ஷனில் கூப்பிடுவது?

17 மார்ச்

தம்பி திருத்தி எழுதின அத்தியாயத்தை அனுப்பியிருந்தார். சர்வர் வெடிக்கவில்லை, பரவாயில்லை. பட்டியலுக்கு ஓகே அமுக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். ஒரு காலையில் 'முடியாது' என்று எழுந்து நடக்கிறாள், பின்னால் மொத்த ஆபீசும் எழுந்து நடக்கிறது. கை தட்ட வேண்டிய இடம்.

எனக்குக் கை வரவில்லை. மொத்த ஆபீசும் எப்படி எழும்? நான் எழுந்திருக்க மாட்டேன். வீட்டுக் கடன் தவணை ஐந்து இருந்தது அப்போது.

9 ஏப்ரல்

மூன்றாவது வரைவும் படித்தேன். பாதிப் பேர் உட்கார்ந்தே இருக்கிறார்கள், இது நன்றாக இருக்கிறது. உட்கார்ந்தவர்களில் ஒருவன் அவள் டிபன் பாக்ஸை எடுத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறான், அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறை சொல்லணும் என்றால்: அவள் இருப்பது அரசாங்கக் குவார்ட்டர்ஸ் என்று ரெண்டாம் பக்கத்தில் எழுதிவிட்டு மறந்துவிட்டீர்கள். 2021 மார்ச்சில் ரங்கூனில் வேலைக்கு வராத ரயில்வேக்காரர்களின் குவார்ட்டர்ஸுக்கு ஆள் அனுப்பினார்கள். பாய், ஃபேன், அண்டா எல்லாம் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வெளியே வந்தார்கள். உங்கள் பெண் அன்று ராத்திரி எங்கே படுக்கிறாள்? அந்த வீட்டுக்காரர் வார்டில் பெயர் கொடுக்கிறாரா, மறைக்கிறாரா? அதற்கு நாலு பக்கம் வேண்டும். டிரோன் துரத்தும் இடத்தில் வெட்டி எடுங்கள்.

இன்னொரு திருத்தம், இது என் தப்பு. இட்லிப் பானை மூடி என்று முதலில் எழுதியிருந்தேன், நீங்களும் அதையே கதையில் வைத்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் கேட்டேன். முதல் நாள் மட்டும்தான் அதுவாம். அலுமினியம், சத்தமே எழவில்லை, ஓரமும் நசுங்கி அப்புறம் இட்லிக்கு ஆவி நிற்கவில்லை. மறுநாளிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம், இரும்புக் கரண்டி.